ஹெல்மட்டைக் கழற்றச் சொன்னார்கள், எங்கே வைப்பது என்று சொல்லவில்லை

(நீளமான பதிவு. பிளேன் டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.)

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹட்டன் பிரதான வீதியில் பஸ் நிலையப் பக்கமாக ஒரு நடை நடந்து பாருங்கள். வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களில் வண்டியை விட்டுவிட்டு ஹெல்மட்டை மட்டும் கவனியுங்கள். ஒன்று கண்ணாடியில் தொங்கும். ஒன்று பெற்றோல் தாங்கியின் மேல் கவிழ்ந்திருக்கும். ஒன்றின் வாரைச் சீட்டுக்கு அடியில் கொடுத்து அமுக்கியிருப்பார்கள். இன்னொன்றைச் சைக்கிள் சங்கிலி போட்டுச் சில்லோடு கட்டியிருப்பார்கள். மழை நாளென்றால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொப்பிங் பேக். மிச்சப் பேர் அதைத் தூக்கிக்கொண்டே மரக்கறிக் கடைக்குள் நிற்பார்கள், ஒரு கையில் ஹெல்மட், மறு கையில் கோவா.

இதிலெல்லாம் என்ன வரலாறு என்று கேட்பீர்கள். இருக்கிறது. வகுப்பில் 1867, ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர, தேயிலை என்று சொல்லிக்கொண்டு ஓடிவிடுகிறோம். பாடப் புத்தகத்தில் வராத ஒரு கேள்வி எனக்குப் பல வருடமாக இருக்கிறது. இந்த மலையில் வாகனத்தில் வந்து இறங்கியவர்கள் தங்கள் உடைமையை யாரிடம் விட்டுப் போனார்கள்?

முதலில் குதிரை. கோப்பிக் காலத்திலும் தேயிலையின் ஆரம்ப காலத்திலும் தொரைமார் தோட்டம் சுற்றியது குதிரையில்தான். 1884-இல் ரயில் ஹட்டனுக்கும் 1885-இல் நானுஓயாவுக்கும் வந்த பிறகும் ஸ்டேஷனிலிருந்து பங்களாவுக்குப் போகக் குதிரை வேண்டியிருந்தது. குதிரை இருந்தால் குதிரைக்காரன் இருப்பான். தொரை ஏறிப்போனால் இவர் பின்னால் நடப்பார், ஓடுவார். தொரை இறங்கினால் கடிவாளம் இவர் கைக்கு வரும். தொரை மலைக்குள் போய்க் கொழுந்தைப் பார்த்து, கங்காணியை ஏசிவிட்டு வரும்வரை இவர் மழையிலோ வெயிலிலோ அதே இடத்தில் நிற்க வேண்டும். பங்களா வாசலில் தொப்பியையும் கோட்டையும் வாங்கி வைக்க அப்பு இருந்தார். ஆக அந்தக் காலத்தின் பூட்டு ஒரு மனிதன், அதுவும் மிகக் குறைந்த சம்பளத்தில் நின்ற மனிதன்.

அந்தத் தொப்பியைப் பற்றி ஒரு சின்ன விஷயம். படங்களில் தொரைமார் தலையில் பார்க்கிற சோலா தொப்பி, பார்ப்பதற்குக் கெட்டியாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரு நீர்த் தாவரத்தின் தக்கை. தமிழில் அதற்கு நெட்டி என்று பெயர். தஞ்சாவூரில் கோயில் மாதிரிகளும் மாலைகளும் செய்கிற அதே நெட்டிதான். வெயிலுக்கு நல்லது, விழுந்தால் ஒன்றுக்கும் உதவாது. ஆனால் இலேசான, நசுங்கக்கூடிய ஒன்றைத் தலைக்கும் உலகத்துக்கும் இடையில் வைக்கும் யோசனை அதில் இருந்தது. அந்த யோசனை வேறு வழியாகத் திரும்பி வரும், கொஞ்சம் பொறுங்கள்.

தொரைக்குத் தொப்பி என்றால் கொழுந்து பறித்தவர்களுக்குக் கம்பளி. தலையில் போட்டு முதுகை மூடி, அதன் மேல் கூடைக் கயிறு. தோட்டம் கொடுத்த கம்பளிதான், ஆனால் சும்மா கொடுத்ததில்லை. பெறுமதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். இந்தக் கம்பளியை யார் காவல் காத்தது? ஒருவரும் இல்லை. மழை விட்டால் சுருட்டி மலை ஓரத்தில் வைப்பார்கள், சாப்பாட்டுப் போத்தலை மரக் கிளையில் மாட்டுவார்கள், அந்தி வரை அப்படியே இருக்கும். எங்கள் பாடசாலைக்கு வரும் வயதான அம்மாமாரிடம் கேட்டிருக்கிறேன், களவு போகாதா என்று. சிரித்தார்கள். எந்தக் கம்பளி யாருடையது என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும், எடுத்தவள் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவாள் என்றார்கள். ஒருவரையொருவர் தெரிந்த இடத்தில் பூட்டுக்கு வேலை குறைவு. அந்தத் தெரிதல் வறுமையும் கங்காணியும் சேர்ந்து ஒரே வரிசையில் அடைத்து வைத்ததால் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. நான் அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை.

பிறகு குதிரை போய் மோட்டார் வந்தது. பெரிய தொரைக்குக் கார், சின்ன தொரைக்கு மோட்டார் சைக்கிள் என்ற பிரிவு நம் பெரியவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வளைவில் வரும் சத்தத்தை வைத்தே கணக்கப்பிள்ளை உஷாராகிவிடுவாராம். நுவரெலியாவில் தேயிலைத் தோட்டப் பாதையிலேயே மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934-இல் ஆரம்பித்தது. இன்றும் ஏப்ரல் சீசனில் அதன் பெயர் கேட்கிறது. பந்தயத்தில் ஓடுகிறவருக்கு ஹெல்மட்டை வாங்கி வைக்க ஆள் உண்டு. தோட்டத்துக்குள் சின்ன தொரை வண்டியை எங்கே சாய்த்துவிட்டுப் போனாலும் அதைத் தொட யாருக்கும் தைரியம் வராது. குதிரைக்காரன் இல்லாமல் போனாலும் அவன் நின்ற இடத்தில் பயம் நின்றது.

மகாகஸ்தோட்டையில் பந்தயம் ஆரம்பித்து அடுத்த வருடம், 1935 மே 13, இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பாதையில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். ஏற்றம் இறக்கமான பாதை. திடீரென்று சைக்கிளில் இரண்டு பையன்கள். அவர்களைத் தவிர்க்கத் திருப்பியதில் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஹெல்மட் இல்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து மே 19 அன்று இறந்து போனார். அவர் டி. இ. லோரன்ஸ், ‘லோரன்ஸ் ஒஃப் அரேபியா’ என்று படமாக வந்தாரே அவர்தான். 1962-இல் வந்த அந்தப் படமே இந்த விபத்தோடுதான் தொடங்கும். அரபு மண்ணில் அவர் செய்ததைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, அது வேறு பதிவு. அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்த மரணம் அவரை விடவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் வந்ததும் அவருக்குக் கணக்குப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. இராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரர்கள் விளக்கில்லாத பாதைகளில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். 1941-இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு எண் இருக்கிறது. யுத்தத்தின் முதல் 21 மாதத்தில் வீதி விபத்தில் இறந்த மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னால் இருந்தவர்களும் 2279 பேர். அவர் பார்த்த காயக்காரர்களில் ஹெல்மட் போட்டிருந்தவர்கள் ஏழே பேர், ஏழு பேரும் உயிரோடு இருந்தார்கள். அதே வருடம் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மட்டைக் கட்டாயமாக்கியது. அவர் ஆராய்ந்த ஹெல்மட்களில் ஒரு வகை ரப்பர், இன்னொரு வகை நார்க்கூழால் செய்தது. நெட்டித் தொப்பியின் யோசனை திரும்பி வந்தது என்று சொன்னேனே, இதுதான். பிறகு அமெரிக்காவில் லொம்பார்ட் என்பவரும் கூட்டாளிகளும் 1953-இல் காப்புரிமை பெற்ற ஹெல்மட்டில் உள்ளே நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் ஒரு படை இருந்தது. இன்று உங்கள் ஹெல்மட்டின் துணியை நீக்கிப் பார்த்தால் வெள்ளையாகத் தெரிகிற ரெஜிபோம் அந்தப் படைதான். தலையைக் காப்பாற்றுவது அது. வெளியே பளபளக்கும் ஓடு அதற்குத் துணை.

சாதாரண மக்களுக்குச் சட்டம் வர இன்னும் நாள் எடுத்தது. உலகத்தில் முதலில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1961. கெய்ர்ன்ஸின் சொந்த வேலை நடந்த பிரித்தானியாவில் 1973 ஜூன் மாதம்தான். அவர் 1952-இலேயே இறந்து போனார்.

இனி நம் மலைக்கு வருவோம். 1977-இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு ஜப்பானிலிருந்து வண்டிகள் வந்து இறங்கின. ஹொண்டா சிடி 125, ஜப்பான் தபால்காரர்கள் ஓட்டிய எம்டி 90, சின்னச் சில்லு வைத்த சாலி. தொரைமாரிடம் மட்டும் இருந்த மோட்டார் சைக்கிள் தபால்காரர், குடும்பநல மாது, ஆசிரியர், வியாபாரி என்று இறங்கி வந்தது. என் வாப்பா சம்பள நாட்களில் தோட்டம் தோட்டமாகத் துணி கொண்டுபோய்க் கடனுக்குக் கொடுத்து வசூலிப்பவர். அவரிடம் ஒரு பழைய சிடி 125 இருந்தது.

1970களிலிருந்தே ஜப்பானிய வண்டிகளில் ஒரு சின்ன இரும்புக் கொக்கி வரத் தொடங்கியிருந்தது. பின் சீட்டுக்குப் பக்கத்தில், சாவி போட்டுத் திறக்கிற மாதிரி. வாப்பா உட்படப் பலர் அதைப் பாண் பேக் மாட்டத்தான் பயன்படுத்தினார்கள். அது ஹெல்மட்டுக்கென்றே வைத்தது. அந்தக் கால ஹெல்மட் வாரின் நுனியில் இரட்டை இரும்பு வளையம் இருக்கும். அந்த வளையத்தைக் கொக்கியில் மாட்டி அமுக்கினால் பூட்டிக்கொள்ளும், சாவி இல்லாமல் எடுக்க முடியாது. குதிரைக்காரன் ஒரு நாள் முழுக்க நின்று செய்த வேலையை இரண்டு அங்குல இரும்பு செய்தது. கடிவாளம் பிடிக்க ஆள் வைக்க முடியாதவர்கள் வாகனம் ஓட்டத் தொடங்கியபோது அந்தக் கொக்கி பிறந்தது என்பது என் எண்ணம்.

கொக்கியோடு ஜப்பான் நிற்கவில்லை. 1986-இல் அங்கே சின்ன 50 சீசீ வண்டிகளுக்கும் ஹெல்மட் கட்டாயமானது. கடைக்குப் போகிற அம்மா, வகுப்புக்குப் போகிற பிள்ளை எல்லோரும் போட வேண்டும். வண்டி விற்பனை விழும் என்ற பயம் கம்பனிகளுக்கு. என்ன செய்தார்கள்? அடுத்த வருடமே ஹொண்டா தன் டெக்ட் ஸ்கூட்டரில் சீட்டுக்கு அடியில் ஹெல்மட் முழுதாகப் போகிற பெட்டியை வைத்து, ‘மெட்-இன்’ என்று பெயரும் போட்டு விற்றது. இன்று நம் டீச்சர்மார் ஓட்டுகிற டியோவிலும் ஸ்கூட்டியிலும் சீட்டைத் தூக்கினால் இருக்கிற பள்ளத்தின் பூர்வீகம் அந்தக் காலத்தில் இருக்கிறது. (முகம் முழுதும் மூடும் ஹெல்மட் அதற்குள் போகாது என்பதை டீச்சர்மாரே சொல்வார்கள். ரெயின் கோட்டும் சோற்றுப் பார்சலும் போகும்.)

இந்த இடத்தில்தான் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அங்கே அரசு போடு என்றது, போட்டதைக் கழற்றினால் வைக்க ஓர் இடமும் ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிட்டது. இங்கே போடு என்ற சட்டம் வந்தது. கழற்று என்ற உத்தரவும் வந்தது. இடம் மட்டும் வரவில்லை.

கழற்று என்ற கதை உங்களுக்குத் தெரியும். ஹெல்மட் போட்டுக்கொண்டு கொள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லி, 2015 மார்ச் 21 முதல் முகம் முழுதும் மூடும் ஹெல்மட்டுக்குத் தடை என்று பொலிஸார் அறிவித்தார்கள். பிறகு ஏப்ரலுக்குத் தள்ளினார்கள். விஷயம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை உத்தரவு வந்தது. தாடையைக் காப்பாற்றும் பகுதியைக் களவுக்குப் பயந்து வெட்டி எறியச் சொன்ன அந்த அறிவிப்பு நடைமுறைக்கு வந்திருந்தால் எத்தனை பேர் பல்லும் தாடையும் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுகளுக்குப் பிறகு, ஏப்ரல் 29 முதல் அவசரகால விதியின் கீழ் முகத்தை முழுதாக மறைப்பதற்கே தடை. ஓகஸ்டில் அவசரகாலச் சட்டம் முடியும்வரை அது இருந்தது. அது எங்கள் வீட்டுப் பெண்களை எப்படித் தொட்டது என்பதை இந்தப் பதிவுக்குள் அடக்க முடியாது. இங்கே சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கடை வாசல்களில், வங்கி வாசல்களில் ‘ஹெல்மட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்’ என்று மூன்று மொழியில் ஒட்டிய அறிவித்தல் அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. நியாயமான அறிவித்தல்தான். முகம் தெரியாதவன் காசுக் கவுண்டருக்கு முன் நிற்பதை யார் விரும்புவார்? ஆனால் அறிவித்தலுக்குக் கீழே ஓர் ஆணி அடித்திருக்கலாமே. ஹட்டனில் ஒரு வங்கியில் கையில் ஹெல்மட்டோடு நின்ற என்னிடம், இதை வெளியே வைத்துவிட்டு வாங்க சேர் என்றார் காவலாளி. வெளியே எங்கே என்றேன். அவர் மழையைப் பார்த்தார்.

இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள். அப்படியென்றால் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்வி அலுவலகத்துக்கும் வருகிறவர்களில் எத்தனை பேர் தலையில் ஒன்றைச் சுமந்து வருகிறார்கள்! கட்டடம் கட்டும்போது காருக்குக் கோடு போடுகிறார்கள், குடைக்கு வாளி வைக்கிறார்கள்.

இதில் என்ன பெரிய நஷ்டம், ஒரு ஹெல்மட் போனால் இன்னொன்று வாங்கலாமே என்றால், அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020-இல் வாகன இறக்குமதி நின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. வாரத்துக்கு நாலு லீற்றர் பெற்றோலுக்கு கியூ.ஆர் காட்டிய அதே வருடம் நல்ல ஹெல்மட்டின் விலை தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல நாள் சம்பளமாக ஏறிப் போனது. விலை ஏறியதும் அது களவெடுக்கத் தகுந்த பொருளானது. களவெடுக்கத் தகுந்ததானதும் ஆட்கள் நல்ல ஹெல்மட்டை ஊருக்குள் கொண்டுவரவே பயந்தார்கள். லயத்தில் பலருடைய வீட்டில் இரண்டு ஹெல்மட் இருக்கும். நல்லது காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும், கொழும்புக்குப் போகும்போது மட்டும் எடுப்பார்கள். டவுனுக்கு வர ஒரு மலிவான அரைக் கோப்பை. எஸ்.எல்.எஸ். 517 முத்திரை இல்லாதது, வார் அறுந்தது, பொலிஸைக் கண்டால் மட்டும் நாடியில் மாட்டுவது. களவு போனாலும் பரவாயில்லை என்ற ஒரே தகுதிக்காக வாங்கியது.

எங்களிடம் படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்து, லீசிங்கில் பைக் எடுத்து, முதல் தீபாவளிக்குப் புதிய ஹெல்மட்டோடு ஊருக்கு வந்தான். அம்மாவுக்குச் சேலை எடுக்கப் போனவன் கடையிலிருந்து வெளியே வரும்போது கண்ணாடியில் மாட்டிய ஹெல்மட் இல்லை. அதற்கு ஆயிரம் ரூபாவுக்கு ஒரு கோப்பையை வாங்கிப் போட்டுக்கொண்டான். தை மாதம் பனியில் ஒரு வளைவில் சறுக்கினான். உயிர் இருக்கிறது. பேசுகிறான், ஆனால் சொல்லைத் தேடித் தேடிப் பேசுகிறான். வகுப்பில் எல்லாப் போட்டியிலும் பேச்சுக்கு முதலிடம் எடுத்த பையன். நல்லது தலையில் இருந்திருந்தால் காயமே வந்திருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஹெல்மட் மரண ஆபத்தை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டு முடிவு. நூறு வீதம் ஒன்றிலும் இல்லை. ஆனால் நசுங்க வேண்டிய படையே இல்லாத கோப்பை எந்த வீதத்திலும் வராது.

களவு போன ஹெல்மட் எங்கே போகிறது என்பதும் யோசிக்க வேண்டியது. யாரோ ஒருவர் அதை அரை விலைக்கு வாங்குகிறார். ஹெல்மட் ஒருமுறை பலத்த அடியை வாங்கினால் உள்ளிருக்கும் ரெஜிபோம் நசுங்கிவிடும், திரும்ப எழும்பாது. வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். அதன் சரித்திரம் தெரியாமல் வாங்குகிறவர் வெறும் ஓட்டைப் போட்டுக்கொண்டு போகிறார்.

சரி, வைக்க இடம் வரும்வரை என்ன செய்வது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொக்கி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இப்போது வரும் பல ஹெல்மட்களில் இரட்டை வளையம் இல்லை, ‘கிளிக்’ என்று பூட்டும் பக்கிள். அது பழைய கொக்கியில் மாட்டாது. அதற்காகச் சில வண்டிகளோடு இரண்டு முனையிலும் கண் வைத்த சின்னக் கம்பி ஒன்று தருவார்கள், ஹெல்மட்டின் நாடிப் பகுதி வழியாகக் கொடுத்து இரண்டு கண்ணையும் கொக்கியில் மாட்ட வேண்டும். வளையம் உள்ள வாரைக் கத்தியால் வெட்டி எடுக்கலாமே என்பார்கள். வெட்டலாம்தான். ஆனால் வார் வெட்டிய ஹெல்மட்டை விற்பது கஷ்டம், அதனால் பெரும்பாலும் பக்கத்து வண்டியைத்தான் பார்ப்பார்கள். கொக்கியின் தத்துவமே இவ்வளவுதான், கள்ளனுக்கு லாபத்தைக் குறைப்பது.

கொக்கியில் மாட்டியபடி வண்டியை ஓட்டாதீர்கள். வண்டியோடு வரும் கையேட்டிலேயே இது இருக்கிறது, யார் வாசிக்கிறோம்? வீட்டுக்காரியைப் பாடசாலையில் இறக்கிவிட்டு அவருடைய ஹெல்மட்டை அதில் தொங்கவிட்டுக்கொண்டு இறக்கத்தில் வருகிற சேர்மாரைத் தினமும் காண்கிறேன். அது ஆடிப் பின் சில்லில் பட்டால் என்னாகும் என்பதற்கு விஞ்ஞான ஆசிரியர் தேவையில்லை.

கண்ணாடியில் மாட்டுவது களவுக்கு மட்டுமல்ல, ஹெல்மட்டுக்கும் கேடு. கண்ணாடியின் முனை உள்ளிருக்கும் ரெஜிபோமில் குழி போடும். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் ஒரு வருடத்தில் அந்த இடம் செத்துவிடும். பெற்றோல் தாங்கியின் மூடிக்கு மேல் வைப்பதும் வேண்டாம், பெற்றோல் ரெஜிபோமைக் கரைக்கும். மழையில் நனைந்ததை அடுப்புக்குப் பக்கத்தில் காய வைப்பது நம் லயத்துப் பழக்கம், அதுவும் அப்படித்தான். துணியைக் கழற்றி நிழலில் காற்றாட விடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டனில் அது காயாது என்பது எனக்கும் தெரியும்.

ஜேக்கட், ரெயின் கோட், கையுறை எல்லாம் இருந்தால் ஒரு நீளமான கம்பிப் பூட்டு நல்லது. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, நம்பர் லொக். ஜேக்கட்டின் ஒரு கை வழியாக விட்டு, ஹெல்மட்டின் முகத் திறப்பு வழியாக எடுத்து, வண்டியின் சட்டத்தில் சுற்றுங்கள். சில்லின் கம்பியில் மட்டும் சுற்றாதீர்கள், மறந்துபோய் வண்டியை எடுத்தால் உங்களுக்கே ஆபத்து. மூன்று இலக்கப் பூட்டில் ஆயிரம் சேர்க்கைதான், நேரம் உள்ளவன் உட்கார்ந்து திருப்பிவிடுவான். நாலு இலக்கம் வாங்குங்கள். மெல்லிய கம்பியைக் கட்டர் வைத்து வெட்டலாம், உண்மை. ஆனால் டவுனில் போகிறவன் வாக்கில் எடுத்துப் போகிறவன்தான் அதிகம், கட்டரோடு வருகிறவன் ஹெல்மட்டுக்காக வர மாட்டான்.

ஆள் வைத்துக் காப்பதும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போனவர்களுக்குத் தெரியும், கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் வாகனப் பாதுகாப்பு நிலையம் என்று பலகை தொங்கும். சைக்கிள் காலத்திலிருந்து வந்த வழக்கம். துண்டு ஒன்றைக் கிழித்து வண்டியில் கட்டி, மறு பாதியை உங்களிடம் தருவார்கள். தமிழ்நாட்டில் ஒரு ரயில் நிலைய ஸ்டாண்டில் ஹெல்மட்டுக்கென்று தனிக் காசும் தனி டோக்கனும் வாங்கியதைப் பார்த்தேன். 2015 ஜூலை முதல் ஹெல்மட்டைக் கண்டிப்பாக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட காலத்தில் அங்கே கடைகளில் நின்ற கூட்டம் செய்திகளில் வந்தது. அவ்வளவு ஹெல்மட்டும் எங்காவது ஓர் இடத்தில் இறங்க வேண்டும் அல்லவா? நம் பக்கத்தில் நல்லதண்ணியில் பாவாத மலை சீசனுக்கு, மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை, இரவு முழுக்க வண்டியை விட்டுவிட்டு மலை ஏறுகிறார்கள். தேநீர்க் கடைக்காரரிடம் ஹெல்மட்டையும் கொடுத்துவிட்டு ஏறி, விடிந்து வந்து அவரிடமே சுடச்சுட ஒரு டீ குடித்துவிட்டு வாங்கிப் போகிறார்கள். பூட்டும் இல்லை, டோக்கனும் இல்லை. அங்கே அது நடக்கிறது, ஹட்டன் டவுனில் நடக்கவில்லை. மலை ஓரத்தில் கம்பளி கிடந்ததற்கும் இதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது. கடைக்காரருக்கு அடுத்த வருடமும் அதே ஆட்கள் வர வேண்டும்.

எங்கள் பாடசாலையில் போன தவணை பெற்றோர் கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்தோம். பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றை மண்டபத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் சுவரோடு பொருத்தி, இருபத்தைந்து கொக்கியை வெல்டிங் செய்து, இலக்கம் எழுதி, அட்டையில் டோக்கன் வெட்டி வைத்தோம். குழாய் சும்மா கிடந்தது, வெல்டிங் செய்தவர் ஒரு பிள்ளையின் தகப்பன், காசு வாங்கவில்லை. சாரணர் பிள்ளைகள் இரண்டு பேர் நின்று டோக்கன் கொடுத்தார்கள். கூட்டம் தொடங்க முன்பே கொக்கி முடிந்து, மேசை போட்டு அடுக்க வேண்டியதாகிவிட்டது. வந்த முப்பத்தொன்பது ஹெல்மட்டில் முத்திரையோடு, வார் சரியாக இருந்தவை பதினாறு. மீதியை எண்ணிய பிள்ளை என்னிடம் வந்து, சேர், இது பொம்மைத் தொப்பி மாதிரி இருக்கு என்று ஒன்றைத் தட்டிக் காட்டினான்.

வலயக் கல்வி அலுவலகத்துக்கும் நகர சபைக்கும் இதையே ஒரு கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு குழாய், இருபத்தைந்து கொக்கி, மழை படாத ஒரு கூரை என்று செலவுக் கணக்கோடு. கையொப்பம் போட விரும்புகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். தலவாக்கலை, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் உள்ளவர்கள் உங்கள் ஊரில் கடை, வங்கி, பள்ளி, கோயில் எங்காவது ஹெல்மட் வைக்க இடம் செய்திருந்தால் படம் போடுங்கள். குதிரைக்காரர் குடும்பத்தில் வந்தவர்கள், சின்ன தொரை பைக் காலத்துக் கதை தெரிந்த பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதைத் தயவுசெய்து பதிவு செய்து அனுப்புங்கள்.